கிளப் ஜெர்சியோடு ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்கலாமா?

அல்சூர் பயிற்சியாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரை ஒட்டிய பகுதியில் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நான் கால்பந்து கற்றுக்கொடுத்து வருகிறேன். எங்கள் கிளப் சிறியது. பெயர் சொன்னால் நான்கு தெருவுக்கு அப்பால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எங்கள் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கிய இருவர் இன்று அந்த நான்கு தெருவுக்கும் பெருமையாக வளர்ந்திருக்கிறார்கள். மூத்தவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை பெற்று அந்தத் துறையின் அணிக்காக ஆடுகிறார். இளையவர் ஒரு தொழில்முறை கிளப்பின் ஒப்பந்த வீரர். அவர் விடுமுறையில் வந்துவிட்டால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை இரு மடங்காகிவிடும்.

சிக்கல் மாநகராட்சித் தேர்தலை ஒட்டி எழுந்திருக்கிறது. 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, நம் நகரத்தில் வார்டு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாமலே ஆண்டுகள் ஓடின. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதிலிருந்து, போட்டியிட விரும்புகிறவர்கள் தெருத்தெருவாக நடமாடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் மைதானத்துக்கு இரவு விளக்குகள் வரக் காரணமாக இருந்தவர். எந்தப் பதவியிலும் இல்லாத காலத்திலேயே அலுவலகம் அலுவலகமாக அலைந்து அந்த வேலையை முடித்துக் கொடுத்தார். அதை நான் மறைக்கமாட்டேன். அவருடைய கட்சி எது என்பதைச் சொல்லவும் விரும்பவில்லை.

அவர் சென்ற வாரம் நாற்பது புதிய ஜெர்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகில் எண்ணுக்குக் கீழே அவருடைய பெயர் அச்சாகியிருக்கிறது. கூடவே ஒரு வேண்டுகோளையும் வைத்தார். எங்கள் வீரர்கள் இருவரும் கிளப் ஜெர்சி அணிந்து மைதானத்தின் நடுவில் நின்று, அவருக்கு வாக்களிக்கும்படி வீடியோவில் பேச வேண்டும்; பின்னால் முப்பது பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று இளைய தம்பிக்கு விளக்கிச் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். "அண்ணா, அவர் செய்த வேலையை நாம் கண்ணால் பார்த்தோம். நான் பணம் வாங்கவில்லை, பொய் சொல்லப் போவதும் இல்லை. நல்லவர் என்று நான் நம்புகிற ஒருவரை நல்லவர் என்று சொல்வதில் என்ன தவறு?" என்று அவர் கேட்கிறார். பந்தைக் காலால் தொடும் முன் தலையைத் தூக்கிப் பார் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

விளையாட்டு வீரர் தேர்தலில் ஒருவருக்காக வாக்குக் கேட்பது சரிதானா என்பதையும், சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். பணியில் இருந்த காலத்தில் சில தேர்தல்களில் வேட்பாளர்களின் செலவுக் கணக்கைக் கண்காணிக்கும் குழுவில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். சரி தவறு என்பதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எனக்குப் பழக்கமான பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தனி மனிதர் ஒருவர் தாம் விரும்பும் வேட்பாளரை ஆதரித்துப் பேசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அவர் திரைப்பட நடிகராக இருந்தாலும், பந்து விளையாடுகிறவராக இருந்தாலும் ஒன்றுதான். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஆகும் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நாற்பது பேர் வரை நட்சத்திரப் பேச்சாளர்களாக அறிவிக்கலாம். அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது. அந்தப் பட்டியலில் இல்லாத புகழாளர் ஒருவர் வேட்பாளருக்காக மேடை ஏறினால், அவருடைய கார் வாடகை முதல் தங்கும் அறை வரை அனைத்தும் வேட்பாளரின் செலவாகும். நாங்கள் கூட்டத்தின் ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நாற்காலிகளையும் ஒலிபெருக்கிகளையும் எண்ணுவோம். வேட்பாளர் காட்டும் கணக்கோடு ஒப்பிடுவதற்காக எங்களிடம் தனிப் பதிவேடு ஒன்று இருக்கும். ஒரு முறை தொப்பிகளை எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

உங்கள் தம்பி கவனிக்க வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காகக் கூட்டத்துக்கோ விளம்பரத்துக்கோ செலவு செய்வது குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச் என்று இருந்த பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 176ஆக வந்திருக்கிறது. ஆகவே, "நான் என் கைக்காசைப் போட்டு அந்த வீடியோவைப் பலருக்கும் போய்ச் சேரும்படி சமூக வலைத்தளத்தில் விளம்பரமாக வெளியிடுகிறேன்" என்று தம்பி நல்லெண்ணத்தோடு கிளம்பினால், அது அவரையே மாட்டிவிடும்.

மாநகராட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அன்று, மாநிலத் தேர்தல் ஆணையம். அது வெளியிடும் நடத்தை விதிகளையும் செலவு வரம்பையும் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேர்தலாக இருந்தாலும் அறிவிப்புக்குப் பிறகு வேட்பாளரின் பெயர் அச்சிட்ட துணிமணியை வாக்காளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழங்குவது அன்பளிப்பு என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். அந்த நாற்பது ஜெர்சிகளும் உங்கள் அலமாரியில் இருப்பது உங்களுக்கு நல்லதில்லை, ஐயா.

நானூறு மீட்டர் எழுதுகிறார்:

அண்ணா, நானும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வந்தவள். உங்கள் மூத்த மாணவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இளையவரைக் காட்டிலும் அவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

தொலைக்காட்சியில் கிரிக்கெட் வீரர்கள் கட்சிகளுக்கு ஆதரவு சொல்வதைப் பார்க்கும்போது எல்லா வீரர்களுக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ரவீந்திர ஜடேஜா இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே 2019 தேர்தலுக்கு முன் தாம் பாரதிய ஜனதா கட்சியை ஆதரிப்பதாக வெளிப்படையாக எழுதினார். 2022 குஜராத் சட்டமன்றத் தேர்தலில் ஜாம்நகர் வடக்குத் தொகுதியில் நின்ற தம் மனைவிக்காக வாக்குக் கேட்டார். அவருடைய சம்பளம் அரசு ஊதியப் பட்டியலிலிருந்து வருவதில்லை. ஓட்டப்பந்தயம், மல்யுத்தம், கபடி, ஹாக்கி, கால்பந்து என்று மற்ற விளையாட்டுகளில் இருக்கும் எங்களில் பெரும்பாலோர் ரயில்வேயிலோ காவல் துறையிலோ படைகளிலோ பொதுத்துறை நிறுவனங்களிலோ மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். காலை ஓடுகிறோம், பிறகு கையெழுத்துப் போடுகிறோம்.

ரயில்வே ஊழியர்களின் நடத்தை விதிகளும் மத்திய அரசு ஊழியர்களின் நடத்தை விதிகளும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. சட்டமன்றம், நாடாளுமன்றம் மட்டுமல்லாமல் உள்ளாட்சி அமைப்புகளின் தேர்தலிலும் ஊழியர் வாக்குச் சேகரிக்கவோ, தம் செல்வாக்கைப் பயன்படுத்தவோ, பங்கெடுக்கவோ கூடாது. வாக்களிக்கலாம், ஆனால் யாருக்கு வாக்களித்தேன், யாருக்கு வாக்களிக்கப் போகிறேன் என்பதை வெளியே காட்டிக்கொள்ளக்கூடாது. தேர்தல் சின்னத்தை உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ வைத்துக்கொள்வதும் செல்வாக்கைப் பயன்படுத்துவதாகவே கருதப்படும். "மாநகராட்சித் தேர்தல்தானே, சின்ன விஷயம்" என்று யாராவது உங்கள் மூத்த தம்பியிடம் சொன்னால் அவர் நம்பிவிடக்கூடாது.

2024 செப்டம்பரில் ரயில்வேயில் பணியாற்றிய மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா இருவரும் ராகுல் காந்தியைச் சந்தித்த உடனேயே ரயில்வே அவர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். வினேஷ் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி நாள் காலையில் நூறு கிராம் கூடுதல் எடையால் பதக்கத்தை இழந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் வேலையை விட்டு விலகினார், காங்கிரஸில் சேர்ந்தார், ஹரியாணா சட்டமன்றத் தேர்தலில் ஜுலானா தொகுதியில் 6,015 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். வேலையை உதறும் துணிவும், அதற்கு இணையான மக்கள் ஆதரவும் அவருக்கு இருந்தன. உங்கள் மூத்த தம்பியின் வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு ஒரு தேர்தலின்போது உறவினர் ஒருவர் போட்டியிட்டார். அவருடைய ஊர்வலத்தின் படத்தை என் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன்; ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். தண்டனை ஏதும் வரவில்லை. ஆனால் அந்த விளக்கக் கடிதத்தை எழுதிய இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் நடந்த தகுதிப் போட்டியில் கால்கள் என் சொல் கேட்கவில்லை. அந்த வீடியோவில் மூத்த தம்பி நிற்கவே வேண்டாம், அண்ணா. ஓரமாகக்கூட வேண்டாம்.

ஆஸ்டின் டவுன் ரசிகன் எழுதுகிறார்:

மேலே இருவரும் எழுதியவை பயனுள்ளவை. ஆயினும் இந்த இழை முழுவதும் "எதற்கு வம்பு" என்ற ஒரே திசையில் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே மறுக்கிறேன்.

நம் கௌதமபுரத்தை மினி பிரேசில் என்று அழைக்கிறோம். அங்கே அம்பேத்கரும் புத்தரும் நிற்கும் இடத்திலேயே பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறோம். அந்தப் பிரேசிலின் கால்பந்து வரலாற்றில் பந்தைத் தவிர வேறொன்றும் இருக்கிறது. ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த 1982இல், சாவோ பாவுலோ நகரின் கொரிந்தியன்ஸ் அணியினர், நவம்பர் 15 அன்று வாக்களியுங்கள் என்ற வாசகத்தை ஜெர்சியின் முதுகில் ஏந்தி ஆடினார்கள். அந்த அணியில் எப்போது பயிற்சி, எப்போது ஓய்வு என்பதைக்கூட வீரர்களும் ஊழியர்களும் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான சாக்ரட்டீஸ் மருத்துவப் பட்டம் பெற்றவர். அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் நிறைவேறினால் தாம் இத்தாலிக்கு ஆடப் போகாமல் நாட்டிலேயே இருப்பதாக 1984இல் பெருந்திரளான மக்கள் முன் அறிவித்தார். திருத்தம் தோற்றது, அவர் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்குப் போனார். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு கோல் மட்டும் அடித்திருக்க வேண்டும் என்று நம்மில் யார் சொல்வோம்?

அமெரிக்காவில் 2020இல் நடந்ததையும் பாருங்கள். அட்லாண்டா டிரீம் என்ற மகளிர் கூடைப்பந்து அணியின் உரிமையாளர்களில் ஒருவரான கெல்லி லோஃப்லர் அப்போது ஜார்ஜியாவின் செனட்டராகவும் இருந்தார். கறுப்பின மக்களின் உரிமைக் குரலுக்கு அந்த அணி ஆடும் லீக் கொடுத்த ஆதரவை அவர் எதிர்த்தார். வீராங்கனைகள் அறிக்கை விடுவதோடு நிற்கவில்லை. அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று அச்சிட்ட கறுப்புச் சட்டையை அணிந்து மைதானத்துக்குள் வந்தார்கள். தங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் உரிமையாளருக்கு எதிராக! 2021 ஜனவரியில் வார்னாக் வென்றார். அடுத்த மாதம் அந்த அணி கைமாறியபோது, புதிய உரிமையாளர் குழுவில் அதே அணிக்கு ஆடிய ரெனே மாண்ட்கோமரியும் இருந்தார்.

நம் நாட்டில் அரசியல் மைதானத்துக்குள் வராமல் இருக்கிறதா? இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இடைநீக்கம் செய்து சில நாட்களில் விலக்கிக்கொண்டது. அதற்குப் பின் நடந்த தலைவர் தேர்தலில் இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவை 33க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்தவர் கல்யாண் சௌபே. அவர் முன்னாள் கோல்கீப்பர். பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராக 2019இல் கிருஷ்ணாநகரிலும் 2021இல் மாணிக்தலாவிலும் நின்றவர். தோற்ற பூட்டியாவும் அரசியலுக்குப் புதியவர் அல்லர்; 2014இல் டார்ஜிலிங்கில் திரிணாமுல் வேட்பாளர், பிறகு சிக்கிமில் சொந்தக் கட்சி தொடங்கியவர். அரசியல்வாதிகள் சங்கங்களை நடத்தலாம், கோப்பையை வழங்கும் மேடையில் நடுநாயகமாக நிற்கலாம், ஆனால் பந்தை உதைக்கிறவன் மட்டும் வாய் திறக்கக்கூடாது என்றால், அந்த மௌனத்தால் யாருக்கு லாபம்? ஏற்கெனவே மேடையில் இருப்பவர்களுக்குத்தான்.

உங்கள் இளைய தம்பிக்கு இருபதைத் தாண்டிய வயது இருக்கும். வாக்குரிமை உள்ள குடிமகன். தன் மைதானத்தின் இருட்டைப் போக்கியவரை ஆதரிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. மைதானம் என்பது வார்டு உறுப்பினரின் கையில் உள்ள விஷயங்களில் ஒன்று. அதைப் பற்றிப் பேசக் கால்பந்து வீரனைவிடத் தகுதியானவர் யார்? அவரை நீங்கள் தடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஃபிரேசர் டவுன் அம்மா எழுதுகிறார்:

என் மகனும் இதுபோன்ற ஒரு கிளப்பில்தான் ஆடுகிறான், வயது பன்னிரண்டு. வீரர்கள் பேசட்டும், அவர்கள் பெரியவர்கள். முப்பது பிள்ளைகளைப் பின்னால் நிறுத்துவதைப் பற்றி யாருமே இன்னும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் இந்தியத் தேர்தல் ஆணையம், சுவரொட்டி, துண்டறிக்கை, முழக்கம், ஊர்வலம், பாட்டு என எந்த வடிவத்திலும் பிள்ளைகளைப் பிரசாரத்தில் ஈடுபடுத்தக்கூடாது என்று கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு உத்தரவையும் அதில் நினைவூட்டியது. பெற்றோரோடு வந்த பிள்ளை ஒரு தலைவரின் அருகில் நிற்பது மட்டும் குற்றமாகாது என்றும் அதில் உண்டு. வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது அந்த வகையில் சேராது. மாநகராட்சித் தேர்தலை நடத்துவது வேறு ஆணையமாக இருக்கலாம். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தானே.

அந்த முப்பது வீடுகளில் அவருக்கு வாக்களிக்காத வீடுகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தீர்களா, ஐயா? அந்த வீட்டுப் பிள்ளை எதிர்த் தரப்பு வேட்பாளரின் வீடியோவில் நின்றுவிட்டு மாலையில் தகப்பனின் முன்னால் போய் நிற்க வேண்டும். மறுநாள் பந்து எடுத்துக் கொடுப்பதில்கூட, "இவன் எங்கள் கட்சி, அவன் அந்தக் கட்சி" என்று வந்துவிடும். மனைவி போட்டியிட்ட அதே தேர்தலில் ஜடேஜாவின் தந்தையும் சகோதரியும் காங்கிரஸுக்கு ஆதரவாக இருந்தார்கள். அவ்வளவு பெரிய வீரரின் வீடே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, நம் தெருக்களின் வீடுகளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? பெரியவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதில் முடியாது.

அல்சூர் பயிற்சியாளர் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவுகள் இந்தப் பதில்களை மறுபடி மறுபடி படித்தேன். ஆஸ்டின் டவுன் நண்பர் எழுதியதுதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது. நான் தம்பியைத் தடுக்கத்தான் வழி தேடிக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஆனால் நண்பரே, நீங்கள் தந்த உதாரணங்களே எனக்கு வேறொன்றையும் காட்டின. கொரிந்தியன்ஸ் அணியினர் ஜெர்சியின் முதுகில் ஏந்தியது வாக்களியுங்கள் என்ற அழைப்பை; அதில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. அட்லாண்டா வீராங்கனைகள் வேட்பாளரின் பெயரைச் சொன்னார்கள். ஆனால் அதற்கென்று தனிச் சட்டை அணிந்து வந்தார்கள், ஆட்டத்துக்குரிய ஜெர்சியில் அதை எழுதவில்லை. அந்தப் பிரேசிலிலேயே பின்னாளில் என்ன நடந்தது? அதிபராக இருந்த போல்சனாரோவின் ஆதரவாளர்கள் தேசிய அணியின் மஞ்சள் ஜெர்சியையே தங்கள் ஊர்வலங்களின் உடையாக்கிக்கொண்டார்கள். 2022 தேர்தலின்போது அந்த அணியின் நட்சத்திர வீரர் நெய்மாரும் அவருக்கு ஆதரவு தெரிவித்தார். நெய்மாருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் போல்சனாரோவை விரும்பாத பிரேசில்காரர்கள் பலர், தங்களுக்கும் சொந்தமான அந்த மஞ்சள் ஜெர்சியை எடுத்துப் போட்டுக்கொள்ளவே தயங்கினார்கள். உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருக்களும் மஞ்சளாகத்தான் இருக்கும். அதனால் அது என் நெஞ்சில் தைத்தது.

2024இல் முன்னாள் கிரிக்கெட் வீரர் யூசுப் பதான் மேற்கு வங்கத்தின் பஹரம்பூரில் போட்டியிட்டபோது 2011 உலகக் கோப்பை வெற்றியின் படங்களைப் பிரசாரப் பதாகைகளில் பயன்படுத்தியதையும் நினைத்துப் பார்த்தேன். எதிர்த் தரப்பு புகார் கொடுத்தது. தேர்தல் ஆணையம் அவற்றை அகற்றச் சொன்னது. அவர் அந்த அணியில் இருந்தவர்தான், படத்தில் இருப்பதும் பொய்யில்லை. என்றாலும் அந்தக் கோப்பை அவர் ஒருவருடையது அன்று, அவருக்கு வாக்களிக்காதவர்களுக்கும் அது உரியது.

இதைத்தான் தம்பியிடம் எடுத்துச் சொன்னேன். "நீ பேசு, உன் பெயரைச் சொல்லிப் பேசு, விளக்கு எப்படி வந்தது என்பதையும் சொல். ஆனால் நம் ஜெர்சியை நாற்பது வீட்டுப் பிள்ளைகள் போடுகிறார்கள், உன் கிளப்பின் ஜெர்சியை உனக்கு முன்னால் நூறு பேர் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய சார்பில் வாக்குக் கேட்க உன்னை யாரும் அனுப்பவில்லை." தம்பி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தொழில்முறை கிளப்போடு செய்த ஒப்பந்தத்தை வீட்டில் எடுத்துப் பார்த்ததாகவும், கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றி வேறு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருப்பதாகவும் அவரே சொன்னார். அதை நான் கேட்கத் தவறிவிட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மூத்தவரிடம் நானூறு மீட்டர் தங்கை எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். உள்ளாட்சித் தேர்தலுக்கும் விதி பொருந்தும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் ஒதுங்கிக்கொண்டார்.

இனி ஜெர்சி. கணக்கர் ஐயா, அவற்றைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். விளக்கு போட்டுக் கொடுத்தவரின் மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது, எழுத்தில் ஏதேனும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதுகிறார்:

ஐயா, தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு தாளில் தேதி, ஜெர்சிகளின் எண்ணிக்கை, பயன்படுத்தாமல் திருப்பித் தருகிறோம் என்ற ஒரு வரி. கீழே அவருடைய கையெழுத்தும் உங்களுடையதும். நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம், இது உங்கள் செலவுக் கணக்கில் சிக்கலாகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. தேர்தலில் நிற்கிறவர்களுக்குக் கணக்கு என்ற சொல் உடனே புரியும்.

ஆஸ்டின் டவுன் ரசிகன் எழுதுகிறார்:

அட்லாண்டா வீராங்கனைகளின் சட்டையைப் பற்றி நீங்கள் சுட்டிக்காட்டிய வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். நாளை மைதானத்தை வாகன நிறுத்துமிடமாக்க யாராவது முனைந்தால், அன்று கிளப் ஜெர்சியோடுதான் எல்லோரும் தெருவுக்கு வர வேண்டும். அது வேட்பாளருக்காகக் கேட்பது அன்று, மைதானத்துக்காகக் கேட்பது.

அல்சூர் பயிற்சியாளர் எழுதுகிறார்:

அன்று முதல் ஆளாக நான் வருவேன், நண்பரே.

நேற்று ஜெர்சிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் அவருக்கு முகம் வாடிவிட்டது. கணக்கைப் பற்றிச் சொன்னதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளைப் படமெடுப்பதை நான் அனுமதிக்க முடியாது என்பதையும் நேராகச் சொல்லிவிட்டேன். தம்பி வெள்ளைச் சட்டை அணிந்து, தம் வீட்டு வாசலில் நின்று, இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு, அப்போதைய விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று என்னிடம் சொன்னார். அந்த இரண்டு நிமிடத்தை நான் பார்த்தேன், நன்றாகவே பேசியிருக்கிறார்.

சனிக்கிழமை மாலை எங்களுக்கு ஒரு போட்டி இருக்கிறது. பிள்ளைகள் பழைய நீல ஜெர்சியிலேயே ஆடப்போகிறார்கள், ஆனால் அவற்றில் மூன்று தோள்பட்டையில் கிழிந்துவிட்டன. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற அளவில், முதுகில் எந்தப் பெயரும் இல்லாத நீல ஜெர்சி யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.